நோவுக்குச் சாட்சி யார்?

நாட்பட்ட நோவால் வருந்துவோனை, "படத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் உமது மனப்பிரமை" என்று கூறி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. விசாரணையின்றித் தீர்ப்பளிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

மனத்திற்கும் நோவிற்கும் தொடர்பில்லை என்று நாம் வாதிடவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியின் அன்சியோ போர்முனையிற் கடமையாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், காயமுற்ற போர்வீரருள் மூவரில் ஒருவரளவிலேயே நோவுநீக்கி மருந்தை வேண்டினர் எனக் கண்டார். சத்திரசிகிச்சைக்குட்பட்ட குடிமக்களிலோ ஐவரில் நால்வர் வேண்டினர். வீரனுக்குக் காயம் வீடு திரும்பும் அனுமதிச்சீட்டு. மற்றவனுக்கு அது பிழைப்புக்கு வந்த கேடு.

1965 இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞரிருவர் இதற்கு விளக்கந் தந்தனர். முள்ளந்தண்டு வடத்திலே படலை போன்றதோர் அமைப்புண்டு. காயத்தின் செய்தியை அது கூட்டியோ குறைத்தோ மூளைக்கு விடும். அச்சமும் கவலையும் அப்படலையை அகலத் திறக்கும் என்றனர். நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது. ஆகவே மனத்தால் மிகும் நோவு பொய் நோவன்று.

இடுப்பு நோவுற்ற கமக்காரன் ஒருவனை எண்ணுக. குனிந்தால் முதுகு முறியுமென அஞ்சி மண்வெட்டியைக் கைவிடுகிறான். தசைகள் தளர்கின்றன, சற்றே அசைந்தாலும் நோகிறது, அச்சம் உறுதிப்படுகிறது. கடனும் நித்திரையின்மையும் சேர்ந்துகொள்கின்றன. மாத்திரை மட்டும் இதனைத் தீர்க்காது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், நோகும்போதெல்லாம் மருந்து என்பதை நேரப்படி மருந்து என மாற்றினார். நோகும்வரை உழைத்துப் பின் படுத்துவிடுவதைத் தவிர்த்து, நாளுக்கோர் அளவு வகுத்துச் சிறிது சிறிதாய் உயர்த்தினார். இன்றைய உளச்சிகிச்சை அச்சத்தின் எண்ணங்களையும் ஆராய்கிறது. அதன் பயனை மிகைப்படுத்தோம்: 2020 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு சராசரியில் சிறு பயனே கண்டது. சிறிதெனினும், மீண்டும் தோட்டத்திற் கால்வைப்பவனுக்கு அது சிறிதன்று.

எம்மவரும் குற்றமற்றவரல்லர். உளவியலாளரிடம் போவென்றால், "எனக்கென்ன விசரா?" எனச் சீறுகின்றோம். நட்டஈட்டு வழக்குகளிலோ, படத்திற் காணாத நோவைப் பாசாங்கென்று குறுக்குவிசாரணை செய்கின்றோம். (இவ்வாசிரியரும் செய்ததுண்டு.) நோவுற்றவன் கூற்று மதிக்கப்படவேண்டும் என்று சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 2020 இல் எழுதிவைத்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவுக்கு, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் தனியிடமுண்டு.

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது இதுவே: வைத்தியரும் உளவியலாளரும் இயன்மருத்துவரும் ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ் இந்நோயாளரைப் பார்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் வேண்டும். பஸ் ஏறி மூன்று நாள் மூன்று வரிசையில் நிற்க, இடுப்பு நோவுள்ளவனால் இயலாது.