காற்று புகுந்த பல்

ஐஸ் கச்சாங் ஏன் வெள்ளையாக இருக்கிறது? கட்டியாக இருந்தபோது கண்ணாடி மாதிரி தெரிந்த ஐஸ்தானே? சீவியதும் தூளுக்கு இடையே காற்று புகுந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. முன்பல்லுக்குப் போடும் போர்சலின் கிரவுனிலும் இதே கதைதான்.

லேப்பில் போர்சலின் தூளைக் குழைத்து, தூரிகையால் உலோக உறையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். லேசாகத் தட்டி, மேலே கசியும் நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பார்கள். எவ்வளவு ஒற்றினாலும் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கத்தான் செய்யும். காற்றலையை நம்பிப் பிழைக்கிற நான் சொல்லக்கூடாது, ஆனால் இங்கே காற்று ஆகாது. அப்படியே சுட்டால் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். பல் மங்கிப்போகும், பக்கத்துப் பல்லோடு சேராது. மேலே எவ்வளவு மெருகு போட்டாலும் அது மறையாது.

அதற்குத்தான் சூளையோடு ஒரு வெற்றிட பம்ப். முதலில் சூளை வாசலில் வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவியாகி, கட்டிய வடிவத்தையே உடைத்துவிடும். பிறகு 500, 600 பாகை செல்சியஸ் வாக்கில், துகள்கள் இளகி ஒட்டுவதற்கு முன்பே பம்ப் ஓட வேண்டும். தாமதமானால் மேற்பரப்பு மூடிக்கொள்ளும், காற்றுக்கு வழியிருக்காது.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 900 பாகையை ஒட்டிய உச்ச சூட்டில் காற்றைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள்! பம்ப் எல்லாக் காற்றையும் எடுத்துவிடாது. மிஞ்சிய குமிழிகளில் அழுத்தம் மிகக் குறைவு. வெளிக்காற்று வந்ததும் இளகிய போர்சலினை நாலாபக்கமும் அமுக்கி அவற்றைச் சுருக்கிவிடும். துரத்திய காற்றையே கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள். வெற்றிடத்திலேயே அதிக நேரம் விட்டால் போர்சலின் உப்பிவிடும். கடைசியாகப் பளபளப்பு ஏற்றும்போது பெரும்பாலும் பம்ப் வேண்டாம்.

பம்ப் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. மூடியின் ஓர வளையத்தில் தூசி ஒட்டினாலே காற்று கசியும். கவனமான லேப்களில் நிறமில்லாத போர்சலினில் ஒரு துண்டு சுட்டுப் பார்ப்பார்கள். தெளிவாக வந்தால் சரி. பால் மாதிரி மங்கினால் வெப்பத்திலோ வெற்றிடத்திலோ கோளாறு.

இப்போது கணினி செதுக்கும் ஸர்கோனியா பற்கள் வந்துவிட்டன. ஆனாலும் முன்பல்லுக்கு மேலே போர்சலின் ஏற்றுவது நிற்கவில்லை.

“சனிக்கிழமை கல்யாணம் டாக்டர், வெள்ளிக்குள்ள குடுத்துடுங்க” என்பது நம் வீடுகளில் சகஜம். உலோகத்தை மறைக்கும் பூச்சு, பல் நிறம், சுருங்கியதை நிரப்ப இன்னொன்று, பிறகு மெருகு என்று ஒரே பல் பலமுறை சூளைக்குள் போகிறது. அவசரப்படுத்தினால் வெட்டு விழுவது காயவிடும் நேரத்தில்தான்.

ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டக்கூடிய செலவு இது. பல்லை ஒட்டும் முன், கையில் கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், லேப்புக்குத் திருப்பி அனுப்பலாம். சிமெண்ட் இறுகிவிட்டால் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.