பீரோ சாவியைக் கொடுக்காதீர்கள்!

புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணைகளுக்குக் கணக்கு எழுதும் நண்பர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, கூகுள் டிரைவை மேக்கில தனி டிஸ்க் மாதிரி மாட்டலாம்னு பார்த்தா, ‘கெர்னல் எக்ஸ்டென்ஷனை அனுமதி, செக்யூரிட்டியைக் குறை’ங்குதுங்களே?”

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் பீரோ ரூம். முட்டை லாரிக்காரருக்கு அதன் சாவி எதற்கு? உள்ளே ஒரு தப்பு நடந்தால் மெஷினே படுத்துவிடும். ஆப்பிளே 2019-ல் இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது.

மாற்று வழி பழசுதான். 1984-ல் சன் கம்பெனி உருவாக்கிய என்.எஃப்.எஸ். (சன்னைத் தொடங்கியவர்களில் நம்ம வினோத் கோஸ்லாவும் ஒருவர்.) மேக்குக்கு அந்த பாஷை ஏற்கெனவே தெரியும். ‘ஆர்க்ளோன்’ என்ற இலவச சாஃப்ட்வேரில் ‘என்எஃப்எஸ்மவுன்ட்’ என்று ஒரு கட்டளை. மேக்குக்குள்ளேயே குட்டி சர்வர் ஒன்றை ஓட்டி, சாவி கேட்காமல் வாசலிலேயே சரக்கை இறக்கிவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். கண்ணில் தெரிகிற ஃபைலெல்லாம் கையில் இல்லை. ஜி.எஸ்.டி. கடைசி நாளில் நெட் போனால், பெயர் பல்லிளிக்கும், கணக்கு வராது. டிஸ்க்கில் ஒரு காப்பி வையுங்கள், சாமி!