சர்க்கரை மெயில்

மிஷன் வீதிப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். ‘‘ரிசல்ட் அனுப்பணும், ஈமெயில் ஐ.டி. சொல்லுங்க சார்’’ என்றாள் அந்தப் பெண். ஆபீஸ் ஐ.டி.யைச் சொல்லித் தொலைத்தேன். அதை நாலு பேர் திறப்போம். மறுநாள் டீக்காரப் பையன் கேட்கிறான்: ‘‘சார், உங்களுக்கு சக்கரை இல்லாமத்தானே?’’

டாக்டர்களுக்கு 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் விதிப்படி, ஆலோசனைக்கு நோயாளியே கூப்பிட்டால் சம்மதித்த மாதிரி. டாக்டர் தரப்பு ஆரம்பித்தால் தெளிவாகக் கேட்டுப் பதிவு செய்யணும். ஈமெயிலிலேயே ‘சரி’ சொல்லலாம். நல்லதுதான். ஆனால், அந்த ‘சரி’யை எந்தப் பெட்டியிலிருந்து சொல்கிறோம்? ‘‘இதை வேற யாராவது பார்ப்பாங்களா?’’ என்று அந்தப் பெண் கேட்டிருக்கலாம். நானும் யோசித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் ரிசல்ட்டை நேரில் போய் வாங்கி வருகிறேன். கவரை வீட்டுக்காரி மட்டும்தான் பிரிக்கிறாள்.