சிறைக்கு முன்பும் ஒரு காவ் சுன்மிங்

தைவானில் போதகர் காவ் சுன்மிங்கின் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவரது சிறைவாசம். 2019 பிப்ரவரி 14 அன்று தமது 89ஆம் வயதில் அவர் மறைந்தபோதும் அதுவே முன்னே நின்றது. ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலத்தில், அரசு வலைவீசித் தேடிய ஒருவருக்கு அடைக்கலம் தேடிக்கொடுத்து, அதற்காக நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர் அவர். அந்த நினைவு நியாயமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்காமலே போய்விடும்.

காவ் 1929இல் தைனான் நகரில் பிறந்தார். 1865இல் ஜேம்ஸ் மேக்ஸ்வெல் என்ற மருத்துவ மிஷனரி அங்கே பிரஸ்பிட்டேரியன் ஊழியத்தைத் தொடங்கியபின் சேர்ந்த முதல் விசுவாசிகளில் ஒருவர் அவருடைய தாத்தா. பேரனோ சிறுவயதில் ஜப்பானுக்குப் படிக்கப் போய், ஊர் திரும்பித் தைனான் இறையியல் கல்லூரியில் பயின்றார். அந்தக் குடும்பப் பெயருக்கு நகரத்துச் சபை ஒன்றில் வசதியாக அமர்ந்திருக்கலாம். அவர் மலையேறினார். பழங்குடி ஊர்களுக்கு நடந்தே போய் ஊழியம் செய்தார்.

1957 முதல் 1970 வரை அவர் யூஷான் இறையியல் பள்ளியின் முதல்வர். கிழக்குக் கடற்கரைப் பகுதியான ஹுவாலியெனில் இருந்த இந்தப் பள்ளி, பழங்குடி இளைஞர்களைப் போதகர்களாக உருவாக்கியது. பழங்குடியினர் தங்கள் சொந்தப் பெயரை விட்டுச் சீனப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய தாய்மொழிக்கு இடமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளோடு பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர், அதிகாரம் எளியவர்மீது எப்படி இறங்குகிறது என்பதை அருகிருந்தே பார்த்தார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1970இல் தைவான் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுச் செயலாளரானார். தென்னிந்தியத் திருச்சபையில் 1947இல் இணைந்த மரபுகளுள் பிரஸ்பிட்டேரியன் மரபும் ஒன்று என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. ஆனால் தைவான் சபையில் பேராயர் என்ற பதவி கிடையாது. போதகர்களும் மூப்பர்களும் கூடும் பொதுப்பேரவையே உச்ச அமைப்பு. முக்கியமான அறிக்கைகள் அந்தப் பேரவையின் பெயரிலேயே வெளிவரும்.

அத்தகைய அறிக்கைகள் அந்தப் பத்தாண்டில் மூன்று வந்தன. 1971இல் தைவானின் எதிர்காலத்தை அதன் மக்களே தீர்மானிக்க வேண்டும் என்றது சபை. 1975இல் ரோமன் எழுத்தில் அச்சான தைவானிய மொழி வேதாகமங்களையும், தயால் பழங்குடியினரின் மொழியிலிருந்த வேதாகமங்களையும் போலீசார் பறிமுதல் செய்த பின்னணியில் இரண்டாவது அறிக்கை வந்தது. 1977 ஆகஸ்ட் 16 அன்று வெளியான மனித உரிமைப் பிரகடனமோ, தைவான் ஒரு புதிய, சுதந்திர நாடாக வேண்டும் என்றே கேட்டது. அப்போது ஆண்ட குவோமின்டாங் கட்சியின் ஆட்சியில் அது தேசத்துரோகம் என்று வழக்குப் போடத் தகுந்த பேச்சு.

1979 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று காவ்சியுங் நகரில் ஆட்சியை எதிர்த்தவர்கள் நடத்திய பேரணி மோதலில் முடிந்தது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது ஷி மிங்தே மட்டும் தப்பினார். ஏற்கெனவே 15 ஆண்டுகள் அரசியல் கைதியாக இருந்தவர்; பிடிபட்டால் மரண தண்டனை என்றே பலரும் அஞ்சினார்கள். அவரை ஒளித்துவைக்க இடம் வேண்டும் என்ற கோரிக்கை காவிடம் வந்தது. அவர் லின் வென்சென் என்ற பெண்மணியை அணுகினார். பெண்களுக்கான வேதாகமப் பள்ளி ஒன்றின் முதல்வர் அவர். லின் சம்மதித்தார். சாங் வென்யிங் என்ற பல் மருத்துவர், ஷியின் முகத்தோற்றத்தை மாற்ற அறுவைச் சிகிச்சை செய்தார். ஆனாலும் 1980 ஜனவரி 8 அன்று ஷி பிடிபட்டார்.

ஏப்ரல் 24 அன்று காவ் கைதானார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டும், லின்னுக்கு ஐந்தாண்டும் தண்டனை விதித்தது. சாங் இரண்டாண்டு பெற்றார். வேறு வீடுகளில் இடம் கொடுத்தவர்களும் தப்பவில்லை.

இங்கே திருச்சபை நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். சிறையில் இருப்பவரை மாற்றிவிட்டு, அரசுக்குப் பிடித்த ஒருவரை அமர்த்துவது சபைக்கு எளிதான வழி. பேரவை அதைச் செய்யவில்லை. 1984 ஆகஸ்ட் 15 அன்று விடுதலையாகும்வரை அவர் பொதுச் செயலாளராகவே இருந்தார். 1989வரை அந்தப் பொறுப்பில் தொடர்ந்தார். இடையில் 1987இல், 38 ஆண்டுகளுக்குப் பின் ராணுவச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. சிறையிலிருந்த ஒரு போதகரைக் கைவிடாமல் நின்ற ஆயிரக்கணக்கான சாதாரண விசுவாசிகளுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

ஓய்வுக்குப் பிறகும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. அதிபர் சென் ஷுய்பியனுக்கு மூத்த ஆலோசகராக இருந்தார். 2019 ஜனவரியில், மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, வேறு மூன்று மூத்தவர்களோடு சேர்ந்து, அதிபர் சாய் இங்வென் அடுத்த தேர்தலில் போட்டியிட வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். சாய் போட்டியிட்டார், 2020இல் பெரும் வெற்றியும் பெற்றார். அந்தக் கடிதத்தைத் தவறான கணிப்பு என்று சொல்வோர் உண்டு. எனினும், தன் அணியின் ஆட்சியிடமும் முகத்துக்கு நேராகப் பேசியவர் என்பதற்கு அதுவே சான்று. அதை மறைத்துவிட்டுப் புகழ்மாலை சூட்டுவது அவரைச் சிறுமைப்படுத்தும்.

ஒரு போதகர் மறைந்ததும் அவரைத் தனிமனித வீரராக உயர்த்திவைப்பது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. காவ் விஷயத்தில் அப்படிச் செய்வது வரலாற்றுப் பிழை. வீட்டுக் கதவைத் திறந்தவர் லின் வென்சென். அறுவைக் கத்தியைக் கையில் எடுத்தவர் சாங் வென்யிங். பின்னாளில் தைச்சுங் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. காவை உருவாக்கியதில் யூஷானின் பழங்குடி மாணவர்களுக்கும் பங்குண்டு. காவுக்கு எழுப்பப்படும் எந்த நினைவுச் சின்னத்திலும், எழுதப்படும் எந்தப் பாடநூல் பக்கத்திலும் இவர்கள் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும்.