தோண்டும் முன்பே மூடும் திட்டம் வேண்டும்

1989இல் பெரு நாட்டுக்கு அப்பால், பசிபிக் கடலில் 4,000 மீட்டருக்கும் கீழே, ஜெர்மன் விஞ்ஞானிகள் கலப்பை போன்ற ஒரு கருவியை இழுத்துக் கடலடி மண்ணை உழுதார்கள். சுரங்கம் வந்தால் அங்குள்ள உயிர்கள் என்னவாகும் என்று பார்க்கும் சோதனை அது. 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், உழுத தடம் அப்படியே இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கருவி கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளவில்லை, மண்ணுக்குள் புதைத்ததோடு சரி.

இப்போது அள்ளுவதற்கே உரிமம் கேட்கிறார்கள்.

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட கிளாரியன்-கிளிப்பர்டன் மண்டலத்தில் மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட், தாமிரம் அடங்கிய உருண்டைகள் பரவிக் கிடக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் அவை வளரும். அங்கு வாழும் உயிரினங்களில் பெரும்பாலானவற்றுக்கு அறிவியல் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்கும் சர்வதேச கடற்படுகை ஆணையத்தின் வரைவு விதிகள், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, கண்காணிப்புத் திட்டம், விபத்துகால ஏற்பாடு, சுரங்கத்தை மூடும் திட்டம் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு கேட்கின்றன. தொடாமல் விட்டுவைக்கும் ஒரு பகுதியையும் ஒதுக்க வேண்டும். தோண்டிய இடத்தை அதனுடன் ஒப்பிட்டால்தான் சேதத்தின் அளவு தெரியும். நல்ல விதிகள்தான். ஆனால், அவற்றை இறுதி செய்யக் கோரி நவ்ரு தீவு 2021இல் விடுத்த இரண்டாண்டுக் கெடு 2023 ஜூலையில் முடிந்த பிறகும் அவை வரைவாகவே நின்றன.

மூடும் திட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு அதே நவ்ருவே சாட்சி. அன்னியர் பாஸ்பேட் தோண்டியெடுத்ததில் அத்தீவின் நடுப்பகுதி பாழானது. நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டி எழுதி வைக்காததால், 1989இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் வரை போனது அந்தச் சிறு நாடு. 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது, பழைய நிலம் திரும்பவில்லை.

அமெரிக்காவோ ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் சேராமல், 1980ஆம் ஆண்டின் சொந்தச் சட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் ஆழ்கடல் சுரங்கத்துக்கான ஆணை பிறப்பித்த சில நாட்களில், 'தி மெட்டல்ஸ் கம்பெனி' என்ற சுரங்க நிறுவனம் வணிக உரிமத்துக்கு விண்ணப்பித்தது. 2026 ஜனவரியில் வந்த புதிய விதி, ஆய்வு உரிமத்தையும் வணிக உரிமத்தையும் ஒரே நடைமுறையில் கோர வழிவிடுகிறது. இது பெரும் பிழை. ஆய்வில் தெரியவருவதைக் கொண்டுதான் சுரங்கத் திட்டம் தீட்ட முடியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், திட்டம் என்ற பெயரில் வருவது வெறும் ஊகம்.

இந்தியாவும் இதில் பார்வையாளர் அல்ல. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் அதற்கு ஆய்வு உரிமை உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2021இல் தன் சுரங்க இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. அந்த அனுபவத்தோடு கிங்ஸ்டனில் இந்தியா அழுத்தமாகக் கேட்க வேண்டியவை மூன்று: பல ஆண்டு அடிப்படைத் தரவு, சோதனைச் சுரங்க முடிவுகளின் முழு வெளியீடு, மூடும் செலவுக்கு முன்கூட்டிக் கட்டும் வைப்புத்தொகை. இவை இல்லாத விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுக்கக்கூடாது.