சிலை வைத்தால் கடன் தீருமா?

எழுபதைத் தாண்டியவனுக்குச் சூப்பர் ஹீரோ தொடர் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 2025 கோடையில் பாரிசுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். லிசேயில் படிக்கும் பேரனுக்கு விடுமுறை. "தாத்தா, இதைப் பாருங்கள், இதில் உங்களை மாதிரி கோபக்காரத் தாத்தா ஒருவர் வருகிறார்" என்று என்னை உட்கார வைத்தான்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அமெரிக்க இங்கிலீஷ் என் காதில் நிற்காது. அதனால் பிரெஞ்சுக் குரலில் போட்டான். 'ஃபால்கோன் ஏ ல சொல்தா த லிவேர்' என்று தலைப்பு வந்தது. ஆங்கிலத்தில் 'த ஃபால்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்'. புதுச்சேரிக்காரனுக்கு 'சொல்தா' என்ற சொல்லே போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்தா என்றுதான் சொல்வோம்.

ஆறு பகுதிகளையும் மூன்று நாளில் பார்த்து முடித்தோம். கடைசிக் காட்சியில் பேரன் கண் கலங்கினான். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அவனுக்கு அன்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு வந்து யோசித்து இப்போது எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வந்த தொடர் இது. இதற்கு முந்தைய கதை 2019இல் வந்த 'எண்ட்கேம்' படத்தில் முடிகிறது. கேப்டன் அமெரிக்காவாக இருந்த ஸ்டீவ் ராஜர்ஸ் கிழவராகி, தன் கேடயத்தைத் தோழர் சாம் வில்சன் கையில் கொடுக்கிறார். சாம் கறுப்பர். இது எனக்கு உரியதில்லை என்று நினைத்து, அவர் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அரசாங்கம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறது. பிறகு ஜான் வாக்கர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியிடம் அதே கேடயத்தைக் கொடுத்து, இவர்தான் புது கேப்டன் அமெரிக்கா என்று அறிவிக்கிறது. வாக்கர் பிறவிக் கெட்டவர் இல்லை. ஆனால் நண்பன் செத்த ஆத்திரத்தில், கீழே விழுந்து கெஞ்சுகிற ஒருவனை நடுத்தெருவில் அந்தக் கேடயத்தாலேயே அடித்துக் கொல்கிறார். ஊரே செல்போனில் படம் பிடிக்கிறது. கடைசியில் சாம்தான் கேடயத்தை எடுக்கிறார்.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. நியமன உத்தரவு கொடுத்தால் பதவிதான் வரும், மதிப்பு வராது என்பதை அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் சண்டை அந்தக் கோபக்காரத் தாத்தாவைப் பற்றியது. அவர் பெயர் ஐசாயா பிராட்லி. கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் கறுப்புச் சிப்பாய்கள் சிலருக்கு என்ன மருந்து என்று சொல்லாமலே ஒரு மருந்தை ஏற்றியது. பலர் செத்தார்கள். இவர் பிழைத்து, கேப்டன் அமெரிக்காவின் பலத்தைப் பெற்றார். பிடிபட்ட தோழர்கள் இருந்த முகாமைத் தடயம் இல்லாமல் குண்டு போட்டு அழிக்க மேலிடம் யோசித்தபோது, இவர் உத்தரவை மீறிப் போய் அவர்களை மீட்டு வந்தார். அதற்குப் பரிசு முப்பது வருஷச் சிறை. உள்ளே வைத்து உடம்பைச் சோதனை செய்தார்கள். மனைவி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வரவில்லை. அவள் அதற்குள் போய்ச் சேர்ந்தாள். ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு, இவர் செத்துவிட்டதாக எழுதித் தப்பவைத்தாள். ஆக, அரசாங்கக் காகிதத்தில் அவர் செத்த மனிதர்.

கடைசிப் பகுதியில் சாம் அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஐசாயாவுக்கு ஒரு சிலை, பக்கத்தில் அவர் கதை எழுதிய பலகை. கிழவர் சாமைக் கட்டிக்கொண்டு அழுகிறார். இசை எழும்புகிறது. பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் கேட்டேன்: "சரி, அரியர்ஸ் எங்கே?"

அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் வாரிசுக்கு மூன்று வழி உண்டு. சொத்தையும் கடனையும் முழுசாக ஏற்கலாம். இரண்டும் வேண்டாம் என்று விலகலாம். அல்லது என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து, சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் கடனை ஏற்கலாம். இந்த மூன்றாவதற்குப் பழைய பெயர் 'பெனெஃபிஸ் தென்வான்தேர்'. சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை விட்டுவிடும் நாலாவது வழியை எந்த நோத்தேரும் எழுதித் தரமாட்டார்.

இது தொடரை எழுதியவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும். சாமுக்கு இன்னொரு பரம்பரைச் சொத்தும் இருக்கிறது. லூசியானாவில் தெலாக்ருவா என்ற ஊரில் அப்பா அம்மா விட்டுப்போன மீன்பிடிப் படகு. (பெயரைக் கேட்டதுமே பிரெஞ்சு வாடை அடிக்கும். நெப்போலியன் 1803இல் அமெரிக்காவுக்கு விற்ற பூமி அல்லவா.) படகோடு கடனும் வந்திருக்கிறது. அக்காள் தங்கை என்று யாராவது ஒருவர்தானே எந்த வீட்டிலும் கணக்கைப் பார்ப்பார்கள், இங்கே சாரா. அவள் விற்றுவிடலாம் என்கிறாள். சாம் மறுக்கிறார். பாங்குக்குப் போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றியவரோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பாங்கு அதிகாரி, ஐந்து வருஷமாக வருமானம் காட்டவில்லை என்று கடன் தர மறுக்கிறார். அந்தக் காட்சியை எழுதியவர் கண்டிப்பாக ஏதோ ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்றவர். பிறகு அப்பா அம்மாவிடம் உதவி பெற்ற ஊர்க்காரர்கள் வந்து கைகொடுக்கிறார்கள். சாமும் கையில் எண்ணெய் அழுக்கோடு வேலை செய்கிறார். படகு விஷயத்தில் ஒருவரும் 'இந்தப் படகுக்கு ஒரு சிலை வைப்போம்' என்று சொல்லவில்லை.

கேடயத்தின் கடன் ஐசாயா. அங்கே மட்டும் வெண்கலம் போதும் என்று ஏன் முடிவு செய்தார்கள்?

இன்னொன்றும் கவனியுங்கள். தெருவில் ஆளைக் கொன்ற வாக்கரை விசாரிக்கும் காட்சியில், பட்டம் போயிற்று, பதவி போயிற்று, ஓய்வுப் பலனும் கிடையாது என்று அரை நிமிஷத்தில் ஒப்பிக்கிறார்கள். பறிப்பதற்கு வரும்போது ராணுவத்துக்குப் பென்ஷன் விதி எல்லாம் மனப்பாடம். கொடுப்பதற்கு வரும்போது சிற்பியைக் கூப்பிடுகிறார்கள்.

'கதைதானே, இதற்குப் போய் ஏன்' என்பீர்கள். ஐசாயா 2003இல் வந்த ஒரு காமிக்ஸில் பிறந்தவர். ராபர்ட் மொராலஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்தது. அதற்கு அடியில் இருப்பது நடந்த கதை. அலபாமாவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சுமார் 600 ஏழைக் கறுப்பர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அதில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தது. அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் நின்றது. வழக்குப் போட்டார்கள். 1974இல் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவச மருத்துவம் கிடைத்தது. பிறகு மனைவிமார், பிள்ளைகளுக்கும் அது நீண்டது. ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

வரிசையைப் பாருங்கள். முதலில் பணமும் மருத்துவமும், அதற்குப் பிறகு வார்த்தை. போதுமா என்றால் போதாது. ஆனாலும் நிஜ அமெரிக்கா செய்த அளவைக்கூடக் கற்பனை அமெரிக்கா செய்யவில்லை. எந்தச் செலவும் இல்லாத கற்பனையிலேயே கஞ்சத்தனம் என்றால் என்ன சொல்வது?

'மானம்தான் பெரிது, பணமா பெரிது' என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறவர்கள். எங்கள் கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூலை 14 அன்று சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். பார்க்க எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் அப்படி நிமிர்ந்து நிற்பதற்கு மாதாமாதம் வந்து சேரும் பென்ஷனும் ஒரு காரணம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டதால் கிடைப்பது அது. அதே கொடியின் கீழ் சண்டை போட்ட செனகல்காரருக்கும் மொராக்கோக்காரருக்கும் நடந்தது வேறு. 1959 டிசம்பரில் போட்ட ஒரு நிதிச் சட்டம், விடுதலை பெற்ற நாடுகளின் பழைய சிப்பாய்களுடைய பென்ஷனை அப்படியே உறையவைத்தது. பிரான்சில் விலைவாசியோடு பென்ஷன் ஏற, அவர்களுடையது நின்ற இடத்திலேயே நின்றது. அணிவகுப்பு, மலர்வளையம், சொற்பொழிவு எதற்கும் குறைவில்லை.

அதை அசைத்தது எது தெரியுமா? ஒரு சினிமா. 2006இல் வந்த 'அன்திஜேன்' என்ற படம். வட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பிரான்சை மீட்கப் போராடிய கதை. அந்தப் படம் எழுப்பிய பேச்சில், ஜனாதிபதி ஷிராக் உறைந்த பென்ஷனைச் சரிசெய்ய இறங்கினார். போர்வீரர் ஓய்வூதியமும் ஊனமுற்றோர் பென்ஷனும் 2007 ஜனவரி முதல் பிரெஞ்சுக்காரருக்குச் சமமாயின. ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து. பலர் அதற்குள் செத்திருந்தார்கள். ஆனாலும் கதை சொல்கிறவனால் கஜானாவைத் திறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 'கதைதானே' என்ற சமாதானத்தை அதனால்தான் நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவு பேச எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் ஒரு பியூன் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். குடும்பப் பென்ஷன் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் அவர் பெயரில் 'உ'கரத்துக்கு இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் எழுதிய சர்வீஸ் புத்தகத்தில் ஒரே எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஒரு கேள்வி எழுதி ஃபைலைக் கட்டி வைத்தேன். அந்த அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டும் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் தீர்ந்திருக்கும். எழுதவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு நடுவில் அலுவலகத்தில் ஒரு விழா. மறைந்த ஊழியர்களின் குடும்பத்தாரை மேடைக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். அந்த அம்மாளுக்கும் பொன்னாடை. கைதட்டல். நானும் தட்டினேன். மறுநாள் காலையில் அவர் என் மேஜைக்கு வந்தார். மடித்து வைத்த பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். "ஐயா, இத நீங்க வச்சிக்குங்க. அந்தக் காயிதத்த மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றைக்கே குறிப்பு எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்துக்கு அவர் பதினாலு மாதம் காத்திருந்திருக்கிறார். அரியர்ஸ் மொத்தமாக வந்தது. ஆனால் மூத்த பையன் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான். அவனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப எந்த விதியிலும் இடம் இல்லை.

ஐசாயா சிலை முன்னால் அழுதபோது என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பொன்னாடை.

பேரன் ஒரு தகவல் சொன்னான். 2025 பிப்ரவரியில் வந்த அடுத்த படத்தில் ஐசாயாவை வெள்ளை மாளிகைக்கு விருந்தாளியாகக் கூப்பிடுகிறார்களாம். அங்கே யாரோ அவர் மனதை ஆட்டிவைத்து ஜனாதிபதியைச் சுடவைக்க, மறுபடி ஜெயிலாம். முடிவில் விட்டுவிடுகிறார்களாம். அருங்காட்சியகத்தில் சிலை இருந்தும் அவரைக் கம்பிக்குள் தள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சொல்ல வந்ததை அவர்களே படமாக எடுத்துவிட்டார்கள், தெரியாமலே.

சாமைக் குறை சொல்லவில்லை. அவர் நல்ல பிள்ளை. தொடரின் முடிவில் அரசியல்வாதிகளை நிறுத்திவைத்து, யாரைக் கலந்துகொண்டு முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். நல்ல கேள்வி. கையில் கேடயம், எதிரில் அதிகாரம் உள்ளவர்கள், உலகமே டிவியில் பார்க்கிறது. அந்த இடத்தில் அவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம். பால்டிமோரில் ஒரு கிழவர் இருக்கிறார், அவர் சாகவில்லை என்று முதலில் உங்கள் பதிவேட்டைத் திருத்துங்கள். முப்பது வருஷச் சம்பளத்தையும் பென்ஷனையும் வட்டியோடு கணக்குப் போடுங்கள். இவ்வளவுதான். சிலையை அதற்குப் பிறகு எத்தனை அடி உயரத்துக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

பேரனுக்கு இதைப் போன வாரம் போனில் சொன்னேன். "தாத்தா, பென்ஷன் ஆர்டர் வாங்குகிற காட்சியை யார் பார்ப்பார்கள்?" என்றான். நான் பார்ப்பேன் என்றேன். அந்த அம்மாளும் பார்த்திருப்பார்.