ஒருக்கால் தேவைப்படும்

சென்ற மாரிகாலத்தில் நண்பர் ஒருவர் காலமானார். 1985ஆம் ஆண்டு, அன்று பலரும் வந்ததைப்போலவே, கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி ரயிலேறி மேற்குக்கு வந்தவர். முப்பத்தோராம் நாட் கிரியைகள் முடிந்தபின், அவரது துணைவியார் சிறியதொரு வீட்டுக்கு மாறவேண்டியிருந்ததால், கெல்லரை ஒதுக்கித்தர நாங்கள் மூன்று பேர் போனோம். ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தோம். இரண்டு நாள் எடுத்தது.

மேல்தட்டில், பெட்டி பிரிக்கப்படாத றைஸ் குக்கர்கள் நான்கு. பொலித்தீன் உறை கழற்றாத டின்னர் செற்றுகள். ஊருக்கு அனுப்பவென்று வாங்கி அனுப்பப்படாத படுக்கை விரிப்புகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய ஏழு சூட்கேசுகள். சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் என்று எழுதிய அறுபதுக்கு மேற்பட்ட வீடியோ கசற்றுகள். அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி வீட்டில் இல்லை. கழுவிக் காயவைத்து மூடியுடன் அடுக்கிய ஜாம் போத்தல்கள் இரண்டு பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், பழுதான ரி.வி. ஒன்றின் கீழ், ஈரச் சுவரோடு ஒட்டியபடி ஒரு பயணப்பை. அதற்குள் அவரது தாயார் 1986 முதல் எழுதிய ஏரோகிராம்கள். நீர் ஊறி, மை கரைந்து, ஒரே கட்டியாகியிருந்தன.

றைஸ் குக்கர்கள் நனையவில்லை. என்னை இதை எழுதவைத்தது அதுதான்.

"அப்பா ஒண்டையும் எறிய விடமாட்டார். 'கிடக்கட்டும் பிள்ளை, ஒருக்கால் தேவைப்படும்' எண்டுதான் சொல்லுவார்" என்றாள் மகள். இந்த வசனம் கேட்காத தமிழ் வீடு ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்குமென்று நான் நம்பவில்லை. எனவே இதை ஒரு மனிதரின் ஒழுங்கீனமாகச் சொல்லி விட்டுவிட முடியாது.

வீட்டில் ஏன் சாமான் குவிகிறது என்பதற்கு விளக்கம் சொல்ல இன்று ஆட்கள் நிறைய. ஜப்பானியரான மரி கொண்டோ 2011இல் வெளியிட்ட நூல், பொருளைக் கையிலெடுத்து அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறது. சுவீடனின் மார்கரெட்டா மாக்னுசன் 2017இல், சாவதற்கு முன்னரே வீட்டை ஒதுக்கி, பிள்ளைகளுக்குச் சுமை வைக்காமற் போகச் சொன்னார். அமெரிக்க உளமருத்துவர்கள் 2013இல் வந்த தமது கையேட்டில், எதையும் எறியமுடியாமல் சேர்ப்பதைத் தனியானதொரு நோயாக வகைப்படுத்தினார்கள். இவர்களில் எவரையும் நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் கொண்டோவின் கேள்வியை எங்கள் அலுமாரிக்கு முன்னால் நின்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை முத்திரை குத்தித் தந்த டுல்டுங் கடதாசி எவருக்கு மகிழ்ச்சி தரும்? ஆனால் இத்தனை ஆண்டு இந்த நாட்டில் இருந்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி. தேவையென்றால் திரும்ப வாங்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவனுக்கே எறிவது இலகு. அந்த நம்பிக்கை எங்களுக்கு இருக்கவில்லை.

அந்த ஜாம் போத்தல்களை எடுத்துக்கொள்வோம். அவை நண்பரின் துணைவியாருடையவை. 1994இல்தான் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றறியும் பெற்றோலும் தடை, மண்ணெண்ணெய் கிடைத்தால் பொன். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அந்த வெளிச்சத்தில் இருந்தவரிடம் வெறும் போத்தல் குப்பை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவரது கை இன்னமும் 1992இல் இருக்கிறது.

நண்பரின் சூட்கேசுகளுக்கும் ஒரு கதை உண்டு. ஹைமில் ஓர் அறைக்குள் நான்கு பேர். கட்டிலும் மேசையும் ஸ்பெர்முல் நாளில் வெள்ளையர்கள் தெருவில் கொண்டுவந்து வைத்தவை. மாவட்ட எல்லை தாண்ட அனுமதி வேண்டும். மூன்று மாதத்தின்பின் எங்கே இருப்போம் என்று தெரியாதவன் அலுமாரி வாங்கி உடுப்பை அடுக்குவானா? சூட்கேசிலிருந்தே எடுத்து உடுத்து, சூட்கேசிலேயே திரும்ப வைத்தோம். பின்னர் விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், பலர் குடியுரிமையும் எடுத்தார்கள். சூட்கேஸ் மட்டும் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. "பிரச்சினை முடிய ஊருக்குப் போவம்" என்று ஒவ்வொரு சாமானையும் ஊர்வீட்டுக்கென்று வாங்கினோம். 2009 மே மாதம் யுத்தம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போகவில்லை. போகமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. சொல்லாத அந்த முடிவுதான் கெல்லரில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். ஒரு படுக்கை விரிப்பை எறிவதென்றால் முதலில் அந்த முடிவை எடுத்தாகவேண்டும். அதைத் தள்ளிப்போடவே "ஒருக்கால் தேவைப்படும்" என்கிறோம்.

இதுவரை எங்களுக்காக வாதாடினேன். இனி எங்களுக்கு எதிராகவும் பேசவேண்டும். அந்த நான்கு றைஸ் குக்கர்களும் தடைக் காலத்தால் வந்தவை அல்ல. அவை மண்டபங்களிலிருந்து வந்தவை. ஆர் என்ன தந்தது என்று கொப்பியில் எழுதி, அதற்குக் குறையாமல் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தால், ஒருவருக்கும் தேவையற்ற பெட்டிகள் வீடுவீடாகச் சுற்றுகின்றன. பல பெட்டிகள் பிரிக்கப்படாமலே மூன்று கலியாணம் கண்டவை. வேண்டாத பொருளைக் கூட விட மனம் வராததற்கும் காரணம் உண்டு. 1990இல் கானமன், நெற்ச், தேலர் என்ற மூவர் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் கோப்பிக் கோப்பைகளைக் கொடுத்து, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கச் சம்மதித்த விலையிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், கிடைத்தவர்கள். கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. எங்களிடமோ அது முப்பது வருடம் கிடக்கிறது.

சேர்ப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்பதையும் சொல்லவேண்டும். 2001 முதல் 2005 வரை கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லொஸ் ஏஞ்சல்ஸில் முப்பத்திரண்டு குடும்பங்களின் வீடுகளைப் பார்த்தார்கள். அதிலிருந்து 2010இல் வந்த கட்டுரையொன்று, தமது வீட்டைக் குவியலும் முடியாத வேலையுமாக விபரித்த மனைவியரின் உடலில், நாள்முழுதும் மனஅழுத்தச் சுரப்பு இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்றது. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீடுகளில் எறியாதே என்று தடுக்கிறவர் பெரும்பாலும் ஆண். தூசி தட்டுகிறவர், விருந்தினர் வருமுன் கட்டிலுக்கடியில் தள்ளுகிறவர், கடைசியில் ஒதுக்கிக் கொடுக்க ஆள் தேடுகிறவர் பெண். வைத்திருக்கிற உரிமை எனக்கு, துடைக்கிற கடமை உனக்கு என்பதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"இதெல்லாம் எங்கடை ஞாபகங்கள்" என்று சொல்பவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒவ்வொரு வருடமும் அதை நினைவுகூர்கிறோம், எரித்தவர்களைச் சபிக்கிறோம். சரி. ஆனால் எங்கள் கெல்லர்களில் என்ன நடக்கிறது? தாய் எழுதிய கடிதம், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு நடந்தவரின் குறிப்புக் கொப்பி, நாற்பது பிரதி மட்டும் அடித்த கையெழுத்துச் சஞ்சிகை, கூட்டத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரம், பெயர் எழுதாத புகைப்படம். இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. இவற்றின்மேல் டின்னர் செற்றை அடுக்கி ஈரத்துக்குக் கொடுப்பவர்கள் நாங்களே. இங்கே நெருப்பு வைத்த அந்நியன் எவனுமில்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பவன் எதையும் பாதுகாப்பதில்லை. குவியலுக்குள் கடிதமும் கசற்றும் ஒரே விலை.

நாங்கள் போனபின் நடக்கப்போவதையும் யோசியுங்கள். பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வீடு காலிசெய்யும் கம்பனி கனமீற்றர் கணக்கில் விலை பேசி, ஒரே நாளில் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றும். எது ஏரோகிராம், எது மின்சாரக் கட்டண விபரம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. கைகால் இயங்கும்போதே ஒரு சனிக்கிழமை கெல்லருக்கு இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கையால் எழுதியதும் கையால் எடுத்ததும் முதலில் மேலே, உலர்ந்த அறைக்கு வரட்டும். படங்களின் பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுங்கள். அச்சிட்ட அரிய பிரதிகளை, 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் போன்ற இடங்களுக்குக் காட்டுங்கள். றைஸ் குக்கர்களை இன்று ஹைமுக்கு வந்திருக்கும் சிரியரிடமோ ஆப்கானியரிடமோ கொடுங்கள். அவர்களும் ஸ்பெர்முல் கட்டிலில்தான் படுக்கிறார்கள். ஜாம் போத்தலில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மற்றவற்றைப் போத்தல் தொட்டியில் போடலாம்.

இரண்டாம் நாள் பின்னேரம், அந்தக் கடிதக் கட்டியை நண்பரின் மகள் கையில் எடுத்தாள். தண்ணீரில் ஊறிய தாளைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்ப்போம் என்றேன். மேலிருந்த கடிதத்தில் "அன்புள்ள மகனுக்கு" என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவள் எழுத்தைக் கூட்டி அவ்வளவையும் வாசித்தாள். பிறகு கேட்டாள்:

"மிச்சம் என்ன எழுதியிருப்பா, மாமா?"

நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினோம்.